யானைக்குக் கட்டிய காப்பு

போன மாதம் என் மகள் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்களிலும் வித்தைக் கூடாரங்களிலும் காட்டு விலங்குகளை ஆட்டிவைப்பதை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று அவளும் அவள் நண்பர்களும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அதனால், "படிச்சிட்டுப் போடுங்க" என்று என் பாடத்தை எனக்கே திருப்பிவிட்டாள். எழுத்துக்கு மேலே ஒரு படம் ஓடியது. சங்கிலியில் கட்டியிருந்த யானை ஒன்று நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் கைகூப்பிவிட்டேன்.

கூப்பியதுகூட எனக்குத் தெரியவில்லை. மகள் சிரித்த பிறகுதான் கைகளைப் பார்த்தேன். "யானையப் படத்துல பாத்தாலும் கும்பிடுவீங்களாம்மா?" என்றாள். பிறகு, கேமரன் மலையில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மாதிரி சர்க்கஸ் யானை எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பிவிட்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த யானை விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய்யையும் இப்படித்தான் ஒரு நல்ல மனிதர் நம்பினார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டம் மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா டவுனுக்குக் கீழே மலைச்சரிவில் இருந்தது. அம்மா கொழுந்து கிள்ளப் போவார். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அதிகம் பேசமாட்டார், கேட்ட கேள்விக்கே பாதிப் பதில்தான் வரும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் லயத்து வரிசை வீட்டில் எங்களோடு இருந்தார். பகலில் தேயிலை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும் லோரியில் உதவியாள். மாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் அவர்தான் உறுமிக்காரர். அவர் உறுமியைத் தேய்த்தால் கல்லுக்கும் அருள் வரும் என்று எங்கள் தோட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த வருஷம் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வித்தைக் கூட்டம் மூன்று லோரிகளில் தாப்பாவிலிருந்து மலையேறி வந்தது. ஒரு லோரியில் கூடாரமும் பலகைகளும். இன்னொன்றில் கூண்டுகள், அவற்றுக்குள் ஒரு தேன்கரடி, ஒரு மலைப்பாம்பு, சட்டை போட்ட நாலைந்து குரங்குகள். மூன்றாவது லோரியில் யானை. யானை லோரிக்குச் சரியாக எங்கள் தோட்டத்து முச்சந்தியில் அச்சு முறிந்தது. மாற்று அச்சு ஈப்போவிலிருந்து வரவேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மற்ற இரண்டு லோரிகளும் டவுனுக்குப் போய்விட்டன. யானையை மட்டும் இறக்கி, துரையிடம் அனுமதி வாங்கி, எங்கள் கோயில் திடலில் இருந்த யூகலிப்டஸ் மரத்தில் கட்டினார்கள். டவுனுக்கு நடத்தியே கூட்டிப் போகலாமே என்று கங்காணி கேட்டதற்கு, யானையோடு தங்கிய பாகன் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யானை எங்களுக்குக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தோம்.

பாகன் வடக்கே தாய்லாந்து எல்லைப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். மலாய் மட்டும்தான் பேசுவார். தார்ப்பாயை மரத்தில் கட்டி அதற்கடியில் படுத்துக்கொண்டார். எங்கள் மலைக்குளிர் அவருக்குப் புதிது. இரண்டு சாக்குகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை 'அடிக்' என்று கூப்பிட்டார். தங்கச்சி என்று அர்த்தம்.

முதல் நாள் சாயங்காலம் திடலில் தோட்டமே கூடியிருந்தது. பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. யானை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. தலை இடது பக்கம் போகும், வலது பக்கம் வரும், மறுபடி இடது பக்கம். கண் பாதி மூடியிருந்தது. நான் முன்வரிசையில் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவில் எங்கள் பெரியம்மா இப்படித்தான் ஆடுவார். உறுமிச் சத்தம் ஏற ஏற, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"சாமி வந்திருக்கு," என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. கூட்டம் அப்படியே அடங்கியது. பூசாரி முன்னால் வந்தார். வாரத்தில் ஆறு நாள் தேயிலைக்கு மருந்தடிக்கிறவர், ஏழாம் நாள் பூசாரி. யாருக்கு அருள் வந்தாலும் செய்வதை யானைக்கும் செய்தார். கற்பூரத்தை ஏற்றினார். திருநீற்றை அள்ளி வீசினார். யார் மேல் சாமி இறங்கினாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"வந்திருக்கிறது யாரு? என்னா வேணும், வாயத் தொறந்து சொல்லு தாயே."

யானை ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தியது. இடது முன்னங்காலைத் தூக்கியது. தூக்கியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது.

அவ்வளவுதான். பெண்கள் குலவை இட்டார்கள். பெரியவர்கள் ஈரப் புல்லில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். அம்மா என் தலையைப் பிடித்து அழுத்தி என்னையும் விழவைத்தார். பிள்ளையாரே காலைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டார் என்று மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதே பேச்சு. பேச்சோடு சேர்ந்து என் பேரும் அடிபட்டது. கொழுந்து கிள்ளுகிறவளின் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாளாம்.

இங்கே கங்காணியின் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வகுப்புதான். வருஷா வருஷம் திருவிழாவில் பால்குடம் வரும்போது முன்னால் விளக்குப் பிடித்து நடப்பது அவள்தான். அவளுக்கு மூக்கு ஒழுகினால்கூட டீச்சர் தன் கைக்குட்டையைக் கொடுப்பார். எனக்கு ஒழுகினால் வெளியே போய்ச் சிந்திவிட்டு வரச் சொல்வார். அப்படிப்பட்ட கங்காணியே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, இந்த வருஷம் பால்குடத்துக்கு முன்னால் யானை நடக்கும், வாக்குச் சொன்ன பிள்ளையே வேப்பிலையோடு அதன் மேல் உட்கார்ந்து வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வித்தைக் கூட்டத்து முதலாளியும் டவுனிலிருந்து வந்து சரி என்று சொல்லிவிட்டாராம். ஊர்வலத்துக்கு வருகிற கூட்டம் நாளைக்குத் தன் கூடாரத்துக்கும் வரும் என்று அவர் நினைத்திருப்பார்.

அம்மா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் அதுவரை உயரத்தில் ஏற்றிவைத்ததில்லை. தன் கூறைச் சேலையை வெட்டி எனக்குப் பாவாடை தைக்க எடுத்தார். நான் பாவாடையைப் பற்றி நினைக்கவில்லை. யானை மேல் நான் உட்கார்ந்திருக்கும்போது கீழே கங்காணியின் மகள் அண்ணாந்து பார்ப்பாளே, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு சாயங்காலமும் மாமா திடலுக்கு உறுமியோடு வந்தார். அவர் அடித்தார், யானை ஆடியது. ரிங்லெட்டிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்து பார்த்தார்கள். சர்க்கஸ்காரன் சவுக்குக்கு ஆடுகிற யானை எங்கள் மாமாவின் உறுமித் தோலுக்கு ஆடுகிறது என்று நான் பள்ளியில் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பாப்பா, ஒரு விஷயம் சொல்றேன், வெளிய சொல்லாத லா. நான் அடிக்கிறதுக்கு அது ஆடல. அது ஆடுறதுக்கு நான் அடிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. அதோ பார் என்று கை காட்டினார். உறுமி மடியில் சும்மா கிடந்தது. திடலில் யாரும் இல்லை. யானை அதே ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. இடம், வலம், இடம். காலையில் லோரிக்குப் போகும்போதும் இப்படித்தான் ஆடுகிறது என்றார் மாமா. தன் வித்தையை எண்ணி அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார். ஆனாலும் அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. நான் பயந்துபோய், அப்படியென்றால் சாமி நாள் முழுக்க விட்டுப் போகாமல் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். மாமா உறுமியைத் துணியில் சுற்றினார். அவர் வேறு யாரிடமும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. சீனர்களின் காய்கறித் தோட்டத்தில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் வெளியிலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு யானைக்குக் கொடுக்கப் போனேன். பாகன் குந்தி உட்கார்ந்து அதன் இடது முன்னங்காலில் இருந்த சங்கிலியைக் கொஞ்சம் மேலே தள்ளி எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். சங்கிலி இருந்த இடத்தில் தோல் இல்லை. கால் முழுக்க வளையமாகச் சிவந்து கிடந்தது. நாற்றம் என் மூக்கில் ஏறியது. யானை அந்தக் காலைக் கீழே ஊன்றாமல் நுனியில் வைத்திருந்தது. பாகன் என்னைப் பார்த்து, சங்கிலியைக் கழற்றக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை என்றார். குட்டியாக இருந்தபோது காட்டில் பிடித்ததிலிருந்து இதே கால்தானாம். இலைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பாகன் மருந்து கேட்டு எங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார். அங்கே மருந்து கட்டும் டிரசர் அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"மேல எழுதிப் போட்டுட்டேன். திங்கக்கெழம வனவிலங்கு இலாகா ஆளு வருவாரு. இந்தக் காலப் பாத்தாருன்னா ஒரு அடி நடக்க வுடமாட்டாரு. கீழ கொண்டுபோயி சங்கிலிய அவுத்து வச்சி வைத்தியம் பாப்பாங்க."

"திருவிழா?" என்றார் அப்பா.

"அதுக்குக் காலு வேணுமா, திருவிழா வேணுமா, நீயே சொல்லு," என்றார் டிரசர்.

உள்ளே நான் அம்மா தைத்துக்கொண்டிருந்த பாவாடையைப் பார்த்தேன். பச்சைச் சேலையில் சிவப்புக் கரை. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இன்றைக்கு என்னை நானே மன்னித்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அது வலியென்று தெரியும். வருகிறவர் நல்லதுக்கு வருகிறார் என்றும் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காப்புக் கட்டும் நாள். மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்து விரதம் இருப்பவர்களின் கையில் கட்டுவார்கள். கட்டினால் கட்டியதுதான். திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மாமாவே அந்த ஒரு வாரம் லோரி ஏறமாட்டார். துரையும் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

பூசாரி எல்லாருக்கும் கட்டி முடித்தபோது நான் முன்னால் போய் நின்றேன்.

"சாமி என்கிட்ட சொல்லிச்சி. அதுக்கும் காப்புக் கட்டணுமாம். கால்லதான் கட்டணுமாம்."

யாரும் சந்தேகப்படவில்லை. என் வாக்குக்கு அப்போது அவ்வளவு மதிப்பு. பூசாரி இடது முன்னங்காலைப் பார்த்தார், புண்ணையும் பார்த்தார். மஞ்சளும் வேப்பிலையும் பட்டால் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்றார். அதை மனப்பூர்வமாகவே நம்பினார். பாகன் முதலாளியின் கட்டளையை மீறிச் சங்கிலியை அடுத்த காலுக்கு மாற்றிவிட்டு, இதையாவது காற்றாட விடுங்கள் என்று மலாயில் கெஞ்சினார். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று கங்காணி அவரை அடக்கினார். சிவப்புத் துணியும் மஞ்சள் துணியுமாக ஏழெட்டுச் சுற்று சுற்றினார்கள். புண் மறைந்தது, நாற்றத்தை மஞ்சள் மறைத்தது. மாமா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரசர் பேசியதை அவரும் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே திடலுக்கு ஓடினேன். பெரியவர்கள் எல்லாரும் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பாகனை முதலாளி டவுனுக்கு அழைத்திருந்தார். கோயில் படியில் மாமா மட்டும் உட்கார்ந்து உறுமித் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட மலாய்க்காரர் ஒருவர் இறங்கினார். திடலின் ஓரத்தில் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து வந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

யானையைச் சுற்றி வந்தார். ஆட்டத்தை நின்று பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, காலில் புண் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று மலாயில் கேட்டார்.

இல்லை என்றேன்.

அப்படியானால் இந்தத் துணி எதற்கு என்றார். பள்ளியில் படித்த மலாயை எல்லாம் திரட்டி விளக்கினேன். இது எங்கள் அம்மனுக்குக் கட்டிய காப்பு, எல்லாருக்கும் கட்டியிருக்கிறது என்று மாமாவின் கையைக் காட்டினேன். ஒரு நிமிஷம் அவிழ்த்துப் பார்த்துவிட்டு நானே மறுபடி கட்டிவிடட்டுமா என்று கேட்டார். எவ்வளவு பணிவாகக் கேட்டார் தெரியுமா? கூடாது என்றேன். அவிழ்த்தால் தோட்டத்தில் எல்லாருக்கும் அம்மை போட்டுவிடும் என்றேன். காப்புக் கட்டியதால் தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது என்று அவர் கேட்காததற்கும் பதில் சொன்னேன்.

அவர் யோசித்தார். மாமாவின் பக்கம் திரும்பி, பெத்துல்கா என்றார். உண்மைதானா என்று கேட்கிறார்.

மாமா தலை நிமிரவில்லை. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டார்.

"பெத்துல், என்சிக்," என்றார்.

உண்மைதான் ஐயா. அவர் சொன்னது பொய்யும் இல்லை, காப்பைப் பற்றிச் சொன்னதாக வைத்துக்கொண்டால். அதிகாரி யானையின் காலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். துணிக்கு மேலே கையைக் கொண்டுபோனார், தொடாமலே எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது என்று அவர் வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். திருவிழா என்றைக்கு முடிகிறது என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். முடிந்த பிறகு வருகிறேன், உங்கள் திருவிழா நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நனைந்த காலைச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு போனார்.

பால்குடம் காலையில் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டது. கோயில்வரைக்கும் ஏற்றம்தான். பச்சைப் பாவாடையோடு என்னை ஒரு பாறைமேல் ஏற்றி, அங்கிருந்து யானைமேல் தூக்கி உட்காரவைத்தார்கள். அம்மா பாலைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். யானை நடக்க ஆரம்பித்தது. மூன்று அடி சமமாக இருக்கும். நாலாவது அடியில் இடது பக்கம் சட்டென்று இறங்கும். நான் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். மறுபடி மூன்று அடி, ஒரு இறக்கம். மாமாவின் உறுமி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த இறக்கத்தில் சரியாக ஒரு உறுமல் விழும்படி அடித்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் யானை தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே மலையேறியது என்றார்கள். அந்தத் திருவிழாவைப் பற்றி வெகுநாள் பேசினார்கள்.

பாதி வழியில் கங்காணியின் மகள் அண்ணாந்து பார்த்தாள். நான் நினைத்தது போலவேதான் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுத மாட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

கோயிலுக்கு வந்ததும் யானை என்னை இறக்கிவிடக் குனியவில்லை. பாகன் அதன் காதைத் தடவிக் கெஞ்சிப் பார்த்தார். குனிந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் ஆலையிலிருந்து ஏணி கொண்டுவந்து என்னை இறக்கினார்கள்.

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். எல்லாருடையதையும் அவிழ்த்து ஆற்றில் விட்டபிறகு யானையிடம் வந்தார்கள். துணி அவிழவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. பாகன் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். கடைசிச் சுற்று வந்தபோது பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். சாமி மலையேறிவிட்டது என்றார் பூசாரி. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். யானை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதே ஆட்டம். ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியமே லோரி சரியாகி வந்து யானையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் அடுத்த நாள் அதிகாரி வந்தார், சொன்னபடியே. பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்தேன். திடலில் யாரும் இல்லை. யூகலிப்டஸ் மரத்தைச் சுற்றிப் புல் தேய்ந்த வட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அங்கே கிடந்த துணியை எடுத்துப் பார்த்தார். பள்ளிக்கு வந்து கேட்பார், டீச்சர் முன்னால் திட்டுவார் என்று ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அவர் வரவில்லை. வந்து திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இப்படிக் கனத்திருக்காது.

இரண்டு வாரம் போயிருக்கும். தாப்பாவுக்குப் போய்த் திரும்பிய மாமா, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். சாலையோரத் திடலில் யானை ஒருக்களித்துக் கிடந்ததாம். இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லையாம். அப்பால் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்களாம், குரங்குகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்களாம். பாகன் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாராம். மாமாவை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்து, அடிக் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாராம்.

"நான் என்னா சொல்றது அவருக்கு?" என்றார் மாமா.

நான் நடுவில் புகுந்தேன்.

"அப்போ அடுத்த வருசம் வேற யான வருமா மாமா?"

மாமா என்னைப் பார்த்தார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வருஷமும் மாமா உறுமி அடித்தார். ஆனால் யாருக்காவது அருள் வந்து ஆடத் தொடங்கினால், எதிரே நின்று அவர்களைப் பார்த்து அடிக்கிற மனிதர், அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

மகள் கொடுத்ததைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வருஷக்கணக்காகக் கட்டிவைத்த யானைகள் அப்படி ஆடுமாம். போக இடமில்லாத உடம்பு தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளுமாம். ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனதை யாரும் மன்னிக்கலாம். எங்கள் தோட்டத்தில் யாருக்கும்தான் தெரியாது. ஆனால் இன்னொன்று இருக்கிறது. புண்ணைக் கண்ணால் பார்த்த பிறகும், துணி சுற்றியபோதும், யானைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு நாலாவது அடியிலும் அந்தக் கால் இறங்கியபோதும் எனக்கு உறைக்காதது அது.

என்ன வேண்டும் என்று பூசாரி முதல் நாளே கேட்டார். யானை இடது முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது. நான் முன்வரிசையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.